பெரிய லென்ஸ் இல்லாம, காடு மலைன்னு போகாம இயற்கை போட்டோ எடுக்கறதுல சந்தோஷம் கிடைக்குமா?

ஒரு சாதாரண கேமராவும் 250 எம்எம் வரைக்கும் போற ஜூம் லென்ஸும் வாங்கிட்டேன், ஆனா இணையத்துல மத்தவங்க போடற புலி, கழுகு படமெல்லாம் பாத்தா நம்மால ஆகாதுன்னு தோணுது, பொழுதுபோக்கா எடுக்கறவங்களுக்கு இதுல அப்படி என்ன சந்தோஷம், எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னு கேட்டிருக்கீங்க. ரொம்ப வருஷமா இதே வேலையா அலையறவன்ங்கறதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

சந்தோஷம் படத்துல பாதிதான் இருக்கு. மீதிப் பாதி அந்தப் படத்துக்காக ஒரே இடத்துல உக்காந்து ஒரு உயிர விடாம பாத்துட்டே இருக்கோமே, அதுல இருக்கு. கரையோரமா சும்மா நடந்து போறவங்க ஒரு மீன்கொத்திய பாத்தா அட எவ்ளோ நீலம்னு ஒரு நிமிஷம் நிப்பாங்க, அப்புறம் போயிடுவாங்க. கேமரா கைல இருந்தா போக முடியாது, அது திரும்பி உக்காரணும், வெளிச்சம் முகத்துல விழணும், பின்னாடி இருக்கற குச்சி மறையணும்னு காத்துக்கிட்டே இருப்போம், அப்படி காத்திருக்கும்போதுதான் அது எல்லா கிளைலயும் உக்காராது, தனக்குன்னு ரெண்டு மூணு இடம் வச்சிருக்கு, அதுலயே மாத்தி மாத்தி உக்காருதுன்னு தெரிய வரும். மீன புடிச்ச உடனே முழுங்காது, கிளைல ஓங்கி அடிச்சு, மீனோட தலை முதல்ல உள்ள போற மாதிரி திருப்பி வச்சுக்கிட்டுதான் முழுங்கும், இல்லன்னா செதிலும் முள்ளும் தொண்டைல குத்தும். அதே பறவை மீனோட தலை வெளிப்பக்கம் பாக்கற மாதிரி புடிச்சிருந்தா அது தனக்கு இல்ல, ஜோடிக்கோ குஞ்சுக்கோ கொண்டு போகுதுன்னு அர்த்தம். இத கண்ணால பாத்து நீங்களா புரிஞ்சிக்கற நிமிஷம் இருக்கு பாருங்க, படம் கொஞ்சம் ஷேக் ஆகியிருந்தாலும் அந்த நாள் பூரா மனசு நிறைஞ்சிருக்கும்.

இது நேத்து வந்த ஆசை இல்ல. இங்கிலாந்துல ரிச்சர்ட் கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன்னு அண்ணன் தம்பி ரெண்டு பேர் 1892லயே முட்டையோட இருந்த ஒரு பறவைக் கூட்ட படம் எடுத்தாங்க, அப்போ கண்ணாடி ப்ளேட் போடற கனமான கேமராதான், பறவை பயப்படக்கூடாதுன்னு சில வருஷம் கழிச்சு ஒரு மாட்டுத் தோல உள்ள காலியா இருக்கற மாதிரி மாடு போலவே நிக்க வச்சு அதுக்குள்ள ஒளிஞ்சு நின்னு எடுத்திருக்காங்க. அமெரிக்காவுல ஜார்ஜ் ஷிராஸ்னு ஒருத்தர், தொழிலால வக்கீல், ஒரு தடவை காங்கிரஸ் மெம்பராவும் இருந்தவர், சின்ன வயசுல வேட்டைக்காரர். ராத்திரில படகுல விளக்கு வச்சுக்கிட்டு கரைக்கு வர்ற மான சுடற பழக்கம் அந்தக் காலத்துல இருந்துச்சு, அவர் அதே படகு அதே விளக்க வச்சுக்கிட்டு துப்பாக்கிக்கு பதிலா கேமராவ தூக்கினார். கம்பிய மிருகம் இழுத்தா தானா படம் விழற மாதிரியும் செட் பண்ணார், இன்னைக்கு காட்டுல வைக்கற கேமரா ட்ராப்புக்கு அதுதான் முன்னோடி. 1906 ஜூலைல நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழ் அவரோட 74 படத்த மொத்தமா போட்டுச்சு. அவர் பொழைப்புக்காக படம் எடுத்தவர் இல்ல. பொழைப்பு அதுல இல்லாததால ஒரே விஷயத்துக்கு வருஷக்கணக்கா நேரம் குடுக்க முடிஞ்சுது, நமக்கும் அந்த வசதி இருக்கு. இந்த வாரத்துக்குள்ள படம் வேணும்னு நம்மள யாரும் கேக்கப் போறதில்ல, ஒரு சீசன் முழுக்க ஒரே தட்டான் பின்னாடி சுத்தினாலும் ஏன்னு கேக்க ஆள் இல்ல, அமெச்சூரா இருக்கறதோட பெரிய பாக்கியமே அதுதான்.

இப்போ லென்ஸ் கவலைக்கு வருவோம். படம் பதியற சென்சார் கொஞ்சம் சின்னதா இருக்கற ஏபிஎஸ்-சி கேமரான்னா உங்க 250 எம்எம், பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா கணக்குல கிட்டத்தட்ட 375லேருந்து 400 எம்எம் அளவுக்கு குறுகலா காட்டும், கொக்கு, நாரை, அணில், ஓணான், மைனா, மனுஷங்கள பாத்துப் பழகின பறவைங்க, இதுக்கெல்லாம் தாராளமா போதும். தூரத்துல மரத்து உச்சியில இருக்கற சின்னக் குருவிக்கு போதாதுதான், ஆனா அதுக்கு 600 எம்எம் கூட போதாது. இன்னொரு விஷயம் கடைல யாரும் சொல்ல மாட்டாங்க, வெயில் ஏறினதும் தரையிலேருந்து சூடான காத்து நெளிஞ்சுக்கிட்டே மேல வரும், அதுக்குள்ள தூரத்துல இருக்கறத எடுத்தா எவ்ளோ விலை உயர்ந்த லென்ஸா இருந்தாலும் படம் கொழகொழன்னுதான் வரும், ஆட்கள் ஃபோகஸ் சரியில்லைன்னு லென்ஸ குறை சொல்லிட்டு இருப்பாங்க. இதுக்கு மருந்து காலைல சீக்கிரம் போறது, அப்புறம் உயிர கிட்ட வர விடறது. நம்ம மொழியிலயும் இங்கிலீஷ்லயும் எழுதின எம். கிருஷ்ணன்னு ஒரு பெரிய இயற்கையாளர் இருந்தார், 1912லேருந்து 1996 வரைக்கும் வாழ்ந்தவர், யானை படமெல்லாம் கருப்பு வெள்ளைல அவ்ளோ உயிரோட்டமா எடுத்திருக்கார், அவர் கைல இருந்தது வெவ்வேற கம்பெனி பாகங்கள தானே சேர்த்து கட்டின ஒரு கேமரா. ஆனா யானை அடுத்து என்ன செய்யும்னு அவருக்குத் தெரியும்.

காலை வெளிச்சம் ஏன் நல்லாருக்குன்னா, சூரியன் தாழ இருக்கும்போது வெளிச்சம் காத்து மண்டலத்துல ரொம்ப தூரம் கடந்து வரும், வழியிலயே நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சும், பக்கவாட்டுல விழறதால இறகு, ரோமம், செதில் ஒவ்வொண்ணும் தனித்தனியா எடுத்துக் காட்டும், கண்ணுல ஒரு ஒளிப்புள்ளியும் விழும். அந்தப் புள்ளி இல்லாத படம் எவ்ளோ ஷார்ப்பா இருந்தாலும் பொம்மை மாதிரி இருக்கும். மத்தியானம் மேலேருந்து அடிக்கற வெயில்ல கண்ணுக்குக் கீழ நிழல் விழுந்து முகமே தெரியாது. மேகமூட்டமான நாள வேஸ்ட்னு நினைக்காதீங்க, பூச்சிக்கும் பூவுக்கும் அதுதான் நல்ல நாள்.

கிட்ட போறது எப்படிங்கறதுதான் இந்தக் கலையில முக்கால்வாசி, என்னோட அபிப்பிராயத்துல செட்டிங்க்ஸ் எல்லாம் அதுக்கு அப்புறம்தான். ஒவ்வொரு உயிருக்கும் ஒரு தூரம் இருக்கு, அத தாண்டி நீங்க வந்தா அது கிளம்பிடும். நேரா அதையே முறைச்சுப் பாத்துக்கிட்டு நடந்தா வேட்டை மிருகம் வர்ற மாதிரிதான் அதுக்குப் படும். அதனால கோணலா, வேற எங்கேயோ போற மாதிரி, நாலு அடி வச்சு நிக்கறது, உக்காருறது, அது மறுபடி மேய ஆரம்பிச்சா இன்னும் ரெண்டு அடி. கழுத்த நீட்டிடுச்சு, சாப்பிடறத நிறுத்திடுச்சு, உடம்ப இறுக்கிக்கிட்டு அசையாம நிக்குதுன்னா எல்லைய தொட்டுட்டீங்க, அங்கயே நில்லுங்க, முடிஞ்சா ஒரு அடி பின்னாடி வாங்க. இதவிட நல்ல வழி, நீங்க முதல்லயே போய் உக்காந்துடறது. தண்ணி கிட்ட, பழம் பழுத்த மரத்து கிட்ட, பூ பூத்த செடி கிட்ட போய் அசையாம உக்காந்தா கொஞ்ச நேரத்துல நீங்களும் அங்க இருக்கற கல்லு மரத்துல ஒண்ணா ஆயிடுவீங்க, அதுங்களே கிட்ட வரும். கார் நல்ல மறைவிடம், நிறைய பறவை காருக்கு பயப்படாது, கதவ திறந்து மனுஷன் இறங்கின உடனேதான் பறக்கும்.

அப்புறம் உயரம். நின்ன வாக்குல கீழ பாத்து எடுத்த படத்துக்கும், தரையில படுத்து அதோட கண்ணு மட்டத்துல எடுத்த படத்துக்கும் இருக்கற வித்தியாசம் எந்த லென்ஸும் தர முடியாதது. கீழ இறங்கினா பேக்கிரவுண்டு தூரமா தள்ளிப் போயிடும், தானா மங்கலாயிடும், வெளிச்சம் உள்ள வர்ற துளை அவ்வளவு பெருசா திறக்காத எஃப் 5.6 லென்ஸ்லயே முன்னாடி இருக்கற உயிர் தனியா பிரிஞ்சு வரும். துணி அழுக்காகும், ஆகட்டும். இறங்கறதுக்கு முன்னாடி முள்ளு, எறும்பு, பாம்பு இருக்கான்னு மட்டும் பாத்துக்கங்க.

பறக்கற படம் எடுக்கணும்னு எல்லாருக்கும் ஆசை, அதுக்கும் பறவையோட பழக்கம்தான் சாவி. நிறைய பறவை கிளம்பறதுக்கு முன்னாடி எச்சம் போடும், உடம்ப முன்னாடி சாய்ச்சு கால மடக்கும், அப்போவே விரல் பட்டன்ல இருக்கணும். பெரும்பாலும் எதிர்காத்துலதான் எழும்பும், அதனால காத்தும் சூரியனும் உங்க முதுகுப் பக்கம் இருந்தா அது உங்கள நோக்கித்தான் எழும்பி வரும், முகத்துல வெளிச்சத்தோட. பஞ்சுருட்டான், கரிச்சான் மாதிரி காத்துலயே பூச்சி பிடிக்கறதுங்க பூச்சிய புடிச்சிட்டு அதே கம்பிக்கோ கிளைக்கோ திரும்பி வரும், அதனால பறவைய துரத்தாம கிளைக்கு ஃபோகஸ் வச்சு காத்திருந்தா போதும். ஷட்டர் ஸ்பீட் 1/2000 நொடி மாதிரி, தொடர்ந்து ஃபோகஸ் பண்ற மோட், ஒரே அழுத்துல வரிசையா படம் எடுக்கற பர்ஸ்ட் மோட். சும்மா உக்காந்திருக்கறதுக்கு 1/500 போதும், ஆனா கையில புடிச்சு எடுக்கறப்போ ஸ்பீட் உங்க லென்ஸ் நீளத்துக்கு கீழ போகாம பாத்துக்கங்க, 250 எம்எம்ன்னா ஏபிஎஸ்-சி கணக்கு சேர்த்து 1/400. அதுக்காக ஐஎஸ்ஓ, அதாவது கேமராவோட வெளிச்ச உணர்திறன் அளவு, ஏறினா ஏறட்டும், கொஞ்சம் புள்ளி புள்ளியா இருக்கற படத்த அப்புறம் சரி பண்ணலாம், ஆடிப்போன படத்த ஒண்ணும் பண்ண முடியாது.

வெள்ளைக் கொக்கு எடுத்தா இறகு விவரமே இல்லாம வெறும் வெள்ளையா வருதுன்னு நிறைய பேர் புலம்புவாங்க. வெளிச்சத்த அளக்கற கேமரா மீட்டர் எதப் பாத்தாலும் நடுத்தர சாம்பலா ஆக்கத்தான் பாக்கும். பின்னாடி இருண்ட தண்ணி, நடுவுல சின்னதா வெள்ளைக் கொக்குன்னா அது தண்ணிய வெளிச்சமாக்கப் போய் கொக்க எரிச்சிடும், அப்போ எக்ஸ்போஷர் காம்பன்சேஷன மைனஸ்ல வைங்க. வெளுத்த வானத்துக்கு எதிர்ல காக்காவோ பருந்தோ பறந்தா உல்டா, ப்ளஸ்ல வைங்க, இல்லன்னா கருப்பு உருவம் மட்டும்தான் மிஞ்சும். சென்சார் பதிஞ்சத அப்படியே வைக்கற ரா ஃபைலா எடுத்தா ரெண்டு பக்கமும் கொஞ்சம் காப்பாத்திக்கலாம், எடிட் பண்ண நேரம் இல்லாதவங்க ஜேபெக்லயே எடுக்கட்டும், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல.

ஆனா மனசத் தொட்டுச் சொல்லணும்னா, உங்க மாதிரி ஆரம்பிக்கறவங்களுக்கு பறவைய விட பூச்சிதான் பெரிய உலகம்னு சொல்லுவேன். அதுக்கு எங்கயும் போக வேணாம், நாலு செடி இருந்தா போதும். பட்டாம்பூச்சிக்கும் தட்டானுக்கும் உடம்பு சூடேறினாத்தான் பறக்க முடியும், அதனால விடியற நேரத்துல பனித்துளியோட அப்படியே ஒட்டிக்கிட்டு இருக்கும், முகத்துக்கு கிட்ட லென்ஸ கொண்டு போனாலும் அசையாது. வெயில் வந்ததும் றெக்கைய விரிச்சு காயும், மேல்பக்க நிறம் எடுக்கறதுக்கு அதுதான் நேரம். ஈர மண்ணுல பட்டாம்பூச்சிங்க கூட்டமா உக்காந்து உறிஞ்சுதுங்களே, அதுல பெரும்பாலும் ஆண்தான், மண்ணுல இருக்கற உப்புச்சத்துக்காக வருது, அத இனப்பெருக்கத்தப்போ பெண்ணுக்கு குடுக்குது. நல்ல உச்சி வெயில்ல சில தட்டான் வால தூக்கி சூரியனுக்கு நேரா கம்பம் மாதிரி நிறுத்தும், உடம்புல வெயில் படற பரப்ப குறைக்கறதுக்காக. குதிக்கற சிலந்தியப் பாருங்க, எட்டுக் கண்ணு, முன்னாடி ரெண்டு பெருசு, நீங்க நகர்ந்தா அது உடம்பத் திருப்பி உங்களையே பாக்கும், பாத்துக்கிட்டே இருந்தா அந்தப் பெரிய கண்ணோட நிறம் கருப்பும் தேன் நிறமுமா மாறும், ஏன்னா வெளில இருக்கற லென்ஸ் அசையாது, உள்ள இருக்கற விழித்திரைக் குழாய்தான் அப்படியும் இப்படியும் நகருது. ஒரு அரிசி அளவு உயிர் நம்மள உத்துப் பாத்து எடை போடுது, வ்யூஃபைண்டர்ல அத பாக்கறப்போ எனக்கு இன்னைக்கும் மூச்சு நின்னு வரும்.

இதுக்கு உடனே மேக்ரோ லென்ஸ் வாங்க வேணாம். இருக்கற லென்ஸோட முன்னாடி திருகற க்ளோஸப் ஃபில்டரோ, லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல மாட்டற எக்ஸ்டென்ஷன் ட்யூபோ போதும், செல்போனுக்கு க்ளிப் லென்ஸ் கூட இருக்கு. ஒண்ணு மட்டும் தெரிஞ்சு வச்சுக்கங்க, சென்சார்ல நிஜ அளவுக்கே பூச்சி விழற அளவு கிட்ட போனா எஃப் 8 வச்சாலும் ஃபோகஸ்ல நிக்கறது ஒரு மில்லிமீட்டர் கூட தேறாது. துளைய இன்னும் சின்னதாக்கி எஃப் 22க்கு ஏத்தினா ஃபோகஸ்ல நிக்கற ஆழம் கூடும், ஆனா அந்தச் சின்னத் துளை விளிம்புல ஒளி வளைஞ்சு பரவறதால படமே மழுங்கிடும். அதனால ஃபோகஸ மேனுவல்ல வச்சுட்டு உங்க உடம்பயே மெதுவா முன்ன பின்ன ஆட்டி, கண்ணு ஷார்ப்பா தெரியற நொடில அழுத்துங்க. கண்ணு சரியா வந்துட்டா மத்தது மங்கினாலும் பரவால்ல. றெக்கை முழுக்க வேணும்னா சென்சார் றெக்கைக்கு இணையா வர்ற மாதிரி பக்கவாட்டுல நில்லுங்க.

இனி சொல்றத கொஞ்சம் கண்டிப்பாவே சொல்றேன். பறவை முட்டையோ குஞ்சோ வச்சிருக்கற கூட்ட தேடிப் போகாதீங்க. இலை மறைக்குதுன்னு கூட்டுக்கு முன்னாடி இருக்கறத ஒதுக்கினா குஞ்சு மேல நேரா வெயில் அடிக்கும், காக்கா கண்ணுக்கும் தெரிஞ்சிடும், தாய்ப்பறவை பயந்து கூட்ட விட்டே போகவும் வாய்ப்பு இருக்கு. மேல சொன்ன மாதிரி வாயில மீன தலை வெளிய பாக்க வச்சுக்கிட்டு ஒரு மீன்கொத்தி பக்கத்துல சுத்துதுன்னா நீங்க அதோட பொந்து வழிய அடைச்சுக்கிட்டு நிக்கறீங்கன்னு அர்த்தமா இருக்கலாம், எழுந்து தள்ளிப் போயிடுங்க. போன்ல பறவைக் குரல் போட்டு வரவழைக்கறாங்க, அது எதிரி வந்துட்டான்னு நினைச்சு இரை தேடறத விட்டுட்டு தவிச்சுப் போய் வருது, பாட்டு கேக்க வரல. ஆந்தைக்கு ராத்திரில ஃப்ளாஷ் அடிக்காதீங்க, பூச்சிய ஃப்ரிட்ஜ்ல வச்சு மரத்துப் போக வைக்காதீங்க, அரிய உயிர் எதையாவது பாத்தா படத்தோட இடத்த போடாதீங்க, போனோட லொகேஷன் விவரம் படத்துக்குள்ளயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அதயும் எடுத்துடுங்க.

மத்தவங்க படத்தப் பாத்து சோர்வா இருக்குன்னீங்களே, அதுக்கும் இதோட சம்பந்தம் இருக்கு. நீங்க பாக்கற எல்லா படமும் காட்டுல தானா நடந்தது இல்ல, இரை வச்சு எடுத்தது, கூண்டு மிருகம், வளத்த மிருகம் எல்லாம் அதுல கலந்திருக்கு. லண்டன்ல நடக்கற வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் தி இயர் போட்டி 1965லேருந்து இருக்கு, உலகத்துலயே பெரிய பேரு உள்ளது, அதுல 2009க்கான முதல் பரிசு வாங்கின ஓநாய் படத்த வளத்த ஓநாயா இருக்க வாய்ப்பு அதிகம்னு நடுவர்கள் முடிவு பண்ணி அடுத்த வருஷம் தகுதி நீக்கம் பண்ணாங்க. 2018ல இன்னொரு பரிசுப் படத்துல இருந்த எறும்புதின்னி பாடம் பண்ணி வச்ச உடல்னு முடிவு பண்ணி அதயும் எடுத்துட்டாங்க. உங்க வாசல் செடியில தானா வந்து உக்காந்த தட்டான், அது செய்யற வேலையச் செய்யும்போது நீங்க எடுத்த படம் இந்த மாதிரி படத்தவிட எவ்வளவோ மேல, நான் ஆறுதலுக்குச் சொல்லல.

அந்தப் படத்துக்கு வேற ஒரு உபயோகமும் இருக்கு. எடுத்தத ஐநேச்சுரலிஸ்ட்ங்கற இணையதளத்துல ஏத்துங்க, 2008ல ஆரம்பிச்சது, பேர் தெரியலைன்னாலும் தெரிஞ்சவங்க சொல்லுவாங்க, தேதியோட இடத்தோட அது ஆராய்ச்சி பண்றவங்களுக்கு பயன்படற பதிவாயிடும், அழிவு அபாயத்துல இருக்கற உயிரா இருந்தா இடத்த அதுவே மறைச்சிடும். பறவைக்குன்னே இதே மாதிரி ஈபேர்ட்னு ஒரு தளம் 2002லேருந்து இருக்கு. திமிங்கலச் சுறான்னு உலகத்துலயே பெரிய மீன், அது உடம்புல இருக்கற வெள்ளைப் புள்ளிங்க ஒண்ணுக்கு இருக்கற மாதிரி இன்னொண்ணுக்கு இருக்காது, வானத்துல நட்சத்திரக் கூட்டத்த ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு எழுதின கணக்கு முறைய எடுத்து அந்தப் புள்ளிங்கள அடையாளம் காண 2005ல மாத்திக்கிட்டாங்க, இன்னைக்கு டைவிங் போற சாதாரண சுற்றுலாக்காரங்க எடுக்கற படத்த வச்சே எந்த மீன் எங்க போகுதுன்னு தொடர்ந்து பாக்கறாங்க. அதுல முக்கால்வாசி படம் எந்தப் போட்டிலயும் நிக்காது, மங்கல், கோணல், ஆனா புள்ளி தெரியுது, அது போதும்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கறதுன்னா, வீட்டுலேருந்து நடந்து போற தூரத்துல தண்ணியோ செடியோ இருக்கற ஒரு இடத்த எடுத்துக்கங்க, இடத்த மாத்தாம திரும்பத் திரும்ப அங்கயே போங்க, வேற வேற நேரத்துல. முதல் கொஞ்ச நேரம் கேமராவ எடுக்காம பாருங்க, யார் எங்க உக்காருறாங்க, எந்தப் பக்கத்துலேருந்து வர்றாங்கன்னு மட்டும். வீட்டுக்கு வந்து சும்மா ஒரே மாதிரி இருக்கற படத்தயெல்லாம் தயங்காம அழிச்சிட்டு, மிச்சத்த தேதியோட வைங்க. ஒரு சீசன் கழிச்சு அந்த ஃபோல்டரத் திறந்து பாத்தா உங்களுக்கு எதுல ஆசைன்னு அதுவே சொல்லும், முக்கால்வாசி படம் பூச்சியா இருந்தா 90 இல்லன்னா 100 எம்எம் மேக்ரோ வாங்குங்க, பறவையா இருந்து எல்லாத்தயும் க்ராப் பண்ணியே வச்சிருந்தீங்கன்னா 400லேருந்து 600 எம்எம் வரைக்கும் போற ஜூம், அதயும் பழையது நல்ல நிலைமையில கிடைச்சா வாங்கிட்டு மிச்சக் காசுக்கு ஒரு பைனாகுலர் வாங்கிக்கங்க. அகலமான இடமும் மேகமும் மரமுமா எடுத்து வச்சிருந்தீங்கன்னா கேமராவோட வந்த 18-55 லென்ஸே இன்னும் ரொம்ப நாளைக்கு வரும்.